முடிக்கு எந்தக் கீரை நல்லது?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"எனக்கு வயது 26. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். வேலைக்காகச் சென்னையில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சைவம், முட்டைகூடத் தொடுவதில்லை. போன வருடம் உடம்பு போட்டுவிட்டது என்று டயட் இருந்து மூன்று மாதத்தில் 9 கிலோ குறைத்தேன். இப்போது 54 கிலோ. அதற்குப் பிறகுதான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. சீவினால் வேரோடு வருகிறது. தினமும் வெறும் வயிற்றில் கறிவேப்பிலை ஜூஸ் குடிக்கிறேன். இரண்டு மாதமாகப் பயோட்டின் மாத்திரையும் போடுகிறேன். பலன் இல்லை. சைவம் சாப்பிடுவதால்தான் இப்படி என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள். முடிக்கு எந்தக் கீரை நல்லது என்று சொல்லுங்கள். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று அம்மா சொல்கிறார். போடலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு உங்கள் ஒரு நாள் சாப்பாட்டையும் நேரம் போட்டு எழுதி அனுப்பியிருந்தீர்கள். நல்ல வேலை செய்தீர்கள். உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான். காலை 7 மணிக்குக் கறிவேப்பிலை ஜூஸ். 11 மணிக்கு டீ. மதியம் ஒரு கப் சாதம், ரசம், பொரியல். சாப்பிட்டுக் கை கழுவியதும் இன்னொரு டீ. மாலையில் டீ, இரண்டு பிஸ்கட். இரவு எண்ணெய் இல்லாமல் இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் காய். டயட் முடிந்து இத்தனை மாதம் ஆகியும் காலைச் சாப்பாடு திரும்பி வரவே இல்லை.

கீரைக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்களைப் பயமுறுத்தும் அந்த "வேரோடு வருகிறது" என்பதைப் பார்த்துவிடலாம். நாளைக்குச் சீப்பில் சிக்கும் ஒரு முடியை எடுத்து ஒரு கருப்புத் துணியின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளையாக ஒரு முண்டு தெரியும். எல்லோரும் அதைத்தான் வேர் என்று நினைத்துக் கலங்குகிறார்கள். அது வளர்ச்சி முடிந்து ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனை, அவ்வளவுதான். முடியை உண்டாக்கும் குழி தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. அடுத்த முடி அதிலிருந்துதான் வரும்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் சில வருடங்கள் வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கும், அப்புறம் விழும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதில்லை என்பதால் நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வதை நாம் கவனிப்பதுகூட இல்லை. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் இப்படி உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால் ஏராளமான முடி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அது கொட்டுவது உடனே இல்லை, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. நேற்று மாற்றிய ஷாம்பூவையும் சென்னைத் தண்ணீரையும் குறை சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் காலக்கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது. மூன்று மாதத்தில் 9 கிலோ என்பது உடம்புக்குச் சின்ன அதிர்ச்சி இல்லை.

முடிக்குழியின் அடியில் இருக்கும் செல்கள் நம் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகும் செல்களில் சேர்ந்தவை. அவற்றுக்கு இடைவிடாமல் புரதமும் இரும்பும் துத்தநாகமும் வந்துகொண்டே இருக்க வேண்டும். வரவு குறைந்தால் உடம்பு இதயத்தையும் மூளையையும்தான் முதலில் கவனிக்கும். முடியின் முறை கடைசியில்தான் வரும். 1933-இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், இன்று கானா எனப்படும் நாட்டில், பால்குடி மறந்தபின் வெறும் மாவுக்கஞ்சியில் வளர்ந்த குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் என்னும் நோயைப் பற்றி எழுதினார். அந்தக் குழந்தைகளின் கருமுடி வெளிறிச் செம்பட்டையாகிவிடும். நல்ல சாப்பாடு கிடைத்த மாதங்களில் வளர்ந்த பகுதி கருப்பாகவும் கிடைக்காத மாதங்களில் வளர்ந்தது வெளிறியும், ஒரே முடியில் பட்டை பட்டையாகத் தெரிவதும் உண்டு. உங்கள் நிலைமை அவ்வளவு மோசம் என்று சொல்ல வரவில்லை. சாப்பாட்டுக்கும் முடிக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு நேரடியானது என்பதற்காகச் சொன்னேன்.

சரி, உங்கள் சாப்பாட்டுக்கு வருவோம். அதில் பருப்பைத் தேடினேன், இல்லை. தயிரைத் தேடினேன், அதுவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். உங்கள் 54 கிலோவுக்கு ஏறத்தாழ 45 கிராம். நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தால், சாதம், சப்பாத்தி, டீயில் இருக்கும் பால் எல்லாம் சேர்த்தும் 20, 22 கிராமைத் தாண்டவில்லை. பாதிக்குப் பாதி. முடியில் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம்தான். பாதிப் புரதத்தில் நாளை ஓட்டும் உடம்பு முடிக்கு எதை எடுத்துக் கொடுக்கும்?

தோழிகள் சொல்வது சரியில்லை, சைவம் இதற்குக் காரணம் இல்லை. சைவச் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது சேர்மானம். புரதங்கள் எல்லாம் அமினோ அமிலம் என்னும் சிறு துண்டுகளால் ஆனவை. கெரட்டினுக்கு உறுதி தருவது சிஸ்டீன் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம். அதை உடம்பு மெத்தியோனின் என்ற இன்னொன்றிலிருந்து செய்துகொள்ளும். பருப்பு வகைகளில் மெத்தியோனின் கம்மி, லைசின் என்ற வேறோர் அமினோ அமிலம் தாராளம். அரிசியில் லைசின் கம்மி, மெத்தியோனின் பரவாயில்லை. எள்ளில் மெத்தியோனின் நிறைய. இப்போது இட்லியை நினைத்துப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவு, தொட்டுக்கொள்ள எள் வறுத்துப் போட்ட மிளகாய்ப்பொடி, மேலே நல்லெண்ணெய், பக்கத்தில் சாம்பார். ஒன்றில் குறைவதை இன்னொன்று சரிக்கட்டுகிறது. உங்கள் ஹாஸ்டலில் காலையில் இட்லியோ பொங்கலோ கட்டாயம் போடுவார்கள். அதை விட்டுவிட்டு ஜூஸ் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இனி கீரை. முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, எது கிடைத்தாலும் நல்லதுதான். முடிக்கென்று தனியாக ஒரு கீரை கிடையாது. முருங்கைக்கீரைக்கு என் மனதில் தனி இடம் உண்டு. இரும்பும் இருக்கிறது, வைட்டமின் சி-யும் இருக்கிறது, ஊர்ப்பக்கம் காசு கொடுக்காமலே கிடைக்கிறது. ஆனால் எந்தக் கீரையாக இருந்தாலும் அதோடு என்ன சாப்பிடுகிறோம், அதன்பின் என்ன குடிக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

உங்கள் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது அதே பரிந்துரை. இவ்வளவு பெரிய எண்ணுக்குக் காரணம், தாவர உணவில் உள்ள இரும்பு சுலபத்தில் உடம்பில் சேராது; பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சேரும். வைட்டமின் சி கூட வந்தால் சேர்வது நன்றாகக் கூடும். டீ, காபியில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் குறுக்கே வந்தால் பாதிக்கு மேல் குறைந்துவிடும். சாப்பிட்டு எழுந்ததும் நீங்கள் குடிக்கும் அந்த டீ, இலையில் இருந்த இரும்பில் பெரும்பகுதியைக் கட்டி வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் கழித்தோ குடியுங்கள். அந்த இடத்தில் ஒரு கொய்யாவை வையுங்கள். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. உங்களுக்கு நாளெல்லாம் தேவைப்படுவது 65-தான். பெரிய நெல்லிக்காய் கிடைத்தால் ஒன்று போதும்.

ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டாக வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் வீணாகும். தாளிக்கும் ஒரு ஸ்பூன் எண்ணெயையும் மிச்சம் பிடிக்க வேண்டாம். கீரையில் இருக்கும், வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ள கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும். இரவுச் சப்பாத்தியில் எண்ணெயை அறவே விட்டிருக்கிறீர்கள், அதையும் மாற்றுங்கள். வீட்டில் பழைய இரும்புச் சட்டி பரணில் கிடந்தால் இறக்கிக் கழுவிப் பழக்கச் சொல்லுங்கள். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு போன்ற புளிப்பான பதார்த்தங்களை அதில் வைத்தால் சட்டியின் இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். செய்து முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்து ருசி மாறிவிடும்.

பீட்ரூட்டும் மாதுளையும் இரத்தம் ஊற வைக்கும் என்று பலரும் காசைக் கொட்டுகிறார்கள். இரண்டும் நல்ல உணவுகள்தான். ஆனால் இரண்டிலுமே நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அந்தப் பணத்தில் எள்ளுருண்டையும் கொண்டைக்கடலையும் வாங்கலாம்.

துத்தநாகம் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, நான் கொஞ்சம் பேசிவிடுகிறேன். ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர், பீகாரில் பிறந்தவர், 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஓர் இளைஞரைப் பார்த்தார்: வயது 21, தோற்றம் பத்து வயதுப் பையனுடையது. அவர் சாப்பிட்டு வந்தது பெரும்பாலும் புளிக்க வைக்காத ரொட்டி. தானியத்தில் இருக்கும் ஃபைடேட் என்ற பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதே அப்படிப்பட்ட நோயாளிகளை அவர் ஆராய்ந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிய வந்தது. இந்தச் சத்து ரொம்பக் குறைந்தால் முடியும் கொட்டும்.

ஊற வைப்பது, முளைகட்டுவது, புளிக்க வைப்பது இவை எல்லாமே அந்த ஃபைடேட்டைக் குறைக்கும். நம் வீடுகளில் இரவெல்லாம் புளித்து, காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நிற்கும் மாவில் நடப்பது இதுதான். ராகியை முளைகட்டி அரைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். நீங்கள் ஹாஸ்டலில் செய்யக்கூடியது: ஒரு டப்பாவில் இரண்டு கைப்பிடி பச்சைப்பயறை இரவு ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் மறுநாள் காலையில் முளை எட்டிப் பார்க்கும். பச்சையாகச் சாப்பிட வேண்டாம், முளைகட்டிய பயறில் கிருமிகள் பெருகும். மெஸ்ஸில் கேட்டு ஒரு கொதி வேக வைத்து, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் பொட்டுக்கடலை இருக்கவே இருக்கிறது. அடுப்பு வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஒரு கைப்பிடியில் 6 கிராமுக்கு மேல் புரதம். மேஜை டிராயரில் ஒரு டப்பா போட்டு வையுங்கள், 11 மணிப் பசிக்கு அதை எடுங்கள். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் வேர்க்கடலையோ சுண்டலோ. மதியம் ரசத்துக்கு முன் சாம்பாரை ஊற்றி, அடியில் தங்கியிருக்கும் பருப்பையும் கரண்டியால் கலக்கி எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கப் தயிர். இதிலேயே உங்கள் 45 கிராம் வந்துவிடும்.

தயிரைப் பற்றி இன்னொன்று. வைட்டமின் பி12 எந்தக் கீரையிலும் எந்தப் பருப்பிலும் இல்லை. முட்டைகூட வேண்டாம் என்கிறவர்களுக்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி. அவையும் போதாமல் போவது நம்மில் மிகச் சகஜம்.

கறிவேப்பிலை ஜூஸ் கெடுதல் இல்லை. நல்ல சத்துள்ள இலைதான், ஆனால் அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடாகாது. சாறு எடுத்துச் சக்கையை வடித்துக் கொட்டுவதைவிட, உளுந்தோடு வறுத்துப் பொடித்துச் சாதத்தில் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது எனக்குப் பிடித்த வழி. சாம்பாரில் கிடக்கும் இலையை ஒதுக்கி வைக்காமல் மென்றாலே போதும்.

பயோட்டின் என்பது ஒரு பி வைட்டமின். அதன் குறைபாடு சாதாரணமாகச் சாப்பிடும் யாருக்கும் அபூர்வமாகத்தான் வரும். வேர்க்கடலையிலேயே அது நன்றாக இருக்கிறது. குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரையால் முடி வளரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதைவிட முக்கியமானது, அதிக அளவு பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளில், குறிப்பாகத் தைராய்டு பரிசோதனையில், தவறான முடிவைக் காட்டிவிடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இலேயே இந்த ஆபத்தைச் சொல்லி எச்சரித்திருக்கிறது. நீங்கள் அடுத்து பரிசோதனைக்குத்தான் போக வேண்டும் என்பதால் மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள். மருத்துவரிடமும், இரத்தம் எடுப்பவரிடமும் இத்தனை நாள் போட்டேன் என்று சொல்லிவிடுங்கள். முடிக்கென்று விற்கும் வேறு மாத்திரைகளையும் நீங்களாக வாங்க வேண்டாம். வைட்டமின் ஏ-யும் செலினியமும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும்.

என்ன பரிசோதனை? ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, பி12, வைட்டமின் டி. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று திரும்பி வராதீர்கள். அது கையில் இருக்கும் காசு மாதிரி, ஃபெரிட்டின் காட்டுவது உடம்பில் இருக்கும் இரும்பின் சேமிப்பை. கையில் காசு இருக்கும்போதே சேமிப்பு கரைந்திருக்கலாம். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் இரும்பு மாத்திரை எழுதுவார்கள். அவர்கள் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை மட்டும் போடுங்கள். கூட இருப்பவரின் மாத்திரையைக் கடன் வாங்க வேண்டாம். காய்ச்சல் இருக்கும்போது இந்தப் பரிசோதனை எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டும், குணமான பிறகு எடுங்கள். மாதவிடாய் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ, தள்ளித் தள்ளி வந்தாலோ மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. நீங்கள் மட்டும் தனியாக இல்லை.

உணவால் சரியாகாத முடி உதிர்தலும் உண்டு. வகிடு வரவர அகலமாகிக்கொண்டே போவது, நாணயம் அளவுக்கு வட்டமாகச் சொட்டை விழும் புழுவெட்டு, தலையில் அரிப்பு அல்லது செதில் இவற்றில் எது தெரிந்தாலும் தோல் மருத்துவரிடம் போங்கள். பரம்பரையாக வரும் வழுக்கையைக் கீரையால் நிறுத்த முடியாது. அதற்கு வேறு மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் பலனும் கூடுதலாக இருக்கும்.

சாப்பாட்டை இன்று மாற்றினால் கொட்டுவது நாளைக்கே நிற்காது. ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடிகள் விழுந்தே தீரும். மூன்று நான்கு மாதத்தில் சீப்பில் வருவது குறையும். அதற்குப் பிறகு நெற்றி ஓரத்தில் படியாமல் எழுந்து நிற்கும் குட்டி முடிகளைப் பார்ப்பீர்கள், அவை புதிதாக வந்தவை. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பின்னலில் பழைய கனம் தெரிய இரண்டு வருடம்கூட ஆகலாம். நடுவில் மனம் தளர்ந்து மறுபடி ஒரு டயட்டில் இறங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா சொன்ன மொட்டை: சிரைப்பது தோலுக்கு மேலே இருப்பதை மட்டும்தான். முடிக்குழியின் எண்ணிக்கையோ முடியின் தடிமனோ அதனால் மாறாது. புதிதாக முளைக்கும்போது நுனி மழுங்கி இருப்பதால் கைக்குத் தடிமனாகப் படும், அவ்வளவுதான். சாமிக்கு வேண்டுதல் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அடர்த்திக்காக என்றால் வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஃபெரிட்டின் ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அப்போது காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.